கொந்தவும் கொண்டையும்

படார் என்று ஒரு சத்தம். தையல் பிரிவில் கதிரை முறிந்து ஒரு மாணவி விழுந்த சத்தம் அது. ஆசிரியர் அறையில் இருந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, மைதானத்தின் மறுகரையில் இருந்து ஓடிவந்து, விழுந்தவளை அவசரப்பட்டுத் தூக்கப் போனவர்களைத் தடுத்து, தரையிலேயே உட்கார்ந்து அவளுடைய முதுகை முதலில் தடவிப் பார்த்தவரே!

நிமிர்ந்த நடைக்கும் நேரிய நெஞ்சுக்கும் உரியவரே! விசில் ஒலியால் வகுப்பறைகளை விழிக்க வைத்தவரே! இருபத்தேழு ஆண்டுகள் எங்கள் கல்லூரியின் முதுகுகளுக்காகத் தனியே நின்று வாதாடியவரே! எங்கள் உடற்பயிற்சிப் போதனாசிரியை, செல்வி காத்தமுத்து விஜயகலா அவர்களே! வணக்கம், ஆயுபோவன், அஸ்ஸலாமு அலைக்கும் என்று எங்கள் கல்லூரி வழக்கப்படி மூன்று விதமாகவும் சொல்லித் தொடங்குகிறோம்.

பிரியாவிடை மடல் என்றால் முகத்தைப் பார்த்து 'தாங்கள்', 'தங்கள்' என்று வாசிக்க வேண்டும். எங்களுக்கு இன்று அது கூச்சமாக இருக்கிறது. காரணம் போகப் போகத் தெரியும். ஆகையால் மண்டபத்தில் கூடியிருக்கும் பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் சொல்வதுபோல், எல்லாரும் கூப்பிடுகிறபடி 'விஜயகலா மிஸ்' என்றே சொல்லிக்கொண்டு போகிறோம். மிஸ் முன்வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கட்டும். எப்படி உட்கார்ந்திருப்பார் என்பதைத் திரும்பிப் பார்க்காமலே எங்களால் சொல்ல முடியும்.

நிவித்திகலவில் இருந்து மேலே ஏறும் பாதையில், றப்பர் மலைக்கும் தேயிலை மலைக்கும் நடுவில் இருக்கிற எங்கள் மேற்பிரிவுத் தொழிற்கல்லூரியில் மூன்று பிரிவுகள்: தையல், கணினி, மாணிக்கக்கல் பட்டை தீட்டுதல். மூன்றிலும் குனியாமல் வேலை இல்லை. தையலில் ஊசியைப் பார்த்துக் குனிய வேண்டும். கணினியில் திரையைப் பார்த்துக் கழுத்தை நீட்ட வேண்டும். கல் தீட்டுகிறவர்கள் சக்கரத்தின் மேல் கவிழ்ந்து கிடப்பார்கள். மணி அடித்து இடைவேளை விட்டால் எல்லாரும் வெளியே வந்து ஃபோனைப் பார்த்துக் குனிவார்கள். இப்படி நாள் முழுக்கக் குனிகிற ஒரு கல்லூரியில், நிமிரச் சொல்லுவதற்கென்றே ஓர் ஆளை நியமித்தால் அவருக்கு எத்தனை நண்பர்கள் கிடைப்பார்கள்?

ஐம்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை விஜயகலா மிஸ்ஸின் விசில் கேட்கும். எல்லாரும் எழும்பி, தோளைப் பின்னுக்குத் தள்ளி, நாடியை உள்ளுக்கு இழுத்து, பத்து எண்ண வேண்டும். புத்தகப் பையை ஒற்றைத் தோளில் தொங்கவிட்டு வருகிறவர்களைக் கேட்டிலேயே நிறுத்தி, மற்றப் பட்டியையும் மாட்டிய பிறகுதான் உள்ளே விடுவார். ஜன்னலைத் தாண்டிப் போகும்போது கண்ணாடியில் ஒரு தட்டு. அந்தத் தட்டுக்கு 'முதுகு' என்று அர்த்தம். பிள்ளைகள் அவரைச் 'செங்குத்து மிஸ்' என்றார்கள். அந்தப் பெயரை முதலில் வைத்தது பிள்ளைகள் அல்ல, எங்கள் ஆசிரியர் அறைதான் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறோம்.

மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்து நாங்கள் எல்லாரும் ஒரே மேசையில் சாப்பிடுவோம். ஆரம்ப காலத்தில் மிஸ்ஸும் வந்தார். அவர் வாசலில் தலை காட்டியவுடன் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்வார்கள். காலுக்கு மேல் கால் போட்டிருந்தவர்கள் காலை இறக்குவார்கள். சிரிப்பு அப்படியே நின்றுபோகும். அவர் எங்களை ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் சாப்பிடுகிற நேரத்தில்கூட முதுகை ஞாபகப்படுத்துகிற ஒருவர் பக்கத்தில் இருந்தால் யாருக்குப் பருப்பு இறங்கும்? அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். ஒரு வாரம் வேலை இருக்கிறது என்றார். அடுத்த வாரம் பசியில்லை என்றார். அதற்கு அடுத்த வாரம் அவர் எங்கே சாப்பிடுகிறார் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. விளையாட்டுச் சாமான் அறையில், பந்துக் கூடைகளுக்கு நடுவே, பதினெட்டு வருஷமாகத் தனியாகச் சாப்பிட்டிருக்கிறார்.

அவருக்கு ஏன் மனிதர்களின் முதுகில் இத்தனை அக்கறை என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. இருபத்தேழு வருஷத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

இனி அந்தப் படிவத்தின் கதைக்கு வருவோம்.

போன வருஷம் நவம்பரில் மேலிடத்தில் இருந்து ஒரு கணக்கெடுப்பு வந்தது. கல்லூரி மாணவர்களுக்கு உடல் நிலையை, அதாவது உட்காரும், நிற்கும், குனியும் முறையைப் பற்றி எவ்வளவு தெரியும், தெரிந்ததில் எவ்வளவைக் கடைப்பிடிக்கிறார்கள், எங்கே வலிக்கிறது என்று அறிவதற்கு. நோவு அதிகமாக இருக்கிற கல்லூரிகளுக்கு மாதம் ஒரு நாள், பயிற்சியால் நோவைத் தீர்க்கும் இயன்மருத்துவர் வருவார், முதுகுக்குத் தகுந்த கதிரைகளும் வரும் என்று கடிதம் சொன்னது. விஜயகலா மிஸ் அந்தக் கடிதத்தை அறிவித்தல் பலகையில் நின்று மூன்று தடவை வாசித்ததாக ஹப்ஸா சொல்கிறார். ஹப்ஸா எங்கள் அலுவலக எழுதுவினைஞர்.

படிவம் சிங்களத்தில் மட்டும் வந்தது. எங்கள் பிள்ளைகள் நூற்று நாற்பத்து மூன்று பேரும் தமிழ்மொழியில் படிக்கிறவர்கள். மிஸ் விளையாட்டு முகாமுக்காக இரத்தினபுரிக்குப் போயிருந்த இரண்டு நாளில், கணினி விரிவுரையாளர் மஷூர் அதைத் தமிழாக்கினார். மஷூர் படித்தது முழுக்கச் சிங்கள மொழியில். பேசுகிற தமிழ் தண்ணீர் மாதிரி ஓடும். எழுதும்போது கொஞ்சம் தடுமாறும். அது அவருடைய குற்றம் இல்லை, இந்தப் பக்கத்தில் பாதிப்பேர் அப்படித்தான். முதுகுக்குச் சிங்களத்தில் 'கொந்த' என்று பெயர். தோட்டத்திலும் கடைத்தெருவிலும் தமிழ் பேசும்போதுகூட நாங்கள் 'கொந்த வலிக்குது' என்றுதான் சொல்கிறோம். மஷூரும் பழக்க தோஷத்தில் 'கொந்த' என்றே தட்டினார். கணினிக்கு அந்தச் சொல் தெரியாது. தனக்குத் தெரிந்த சொல்லாக அதைத் திருத்திக்கொண்டது.

கொண்டை.

"கதிரையில் அமரும்போது உங்கள் கொண்டை நேராக உள்ளதா?" "ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் கொண்டை வளைந்த நிலையில் இருக்கும்?" "கடந்த ஆறு மாதத்தில் கொண்டையில் வலி ஏற்பட்டதுண்டா?" இப்படிப் பதினாறு கேள்விகள். சிங்களத்திலும் தலைமுடிக்கு ஏறக்குறைய அதே சத்தத்தில் 'கொண்டே' என்று பெயர் இருப்பதால், கண்ணில் பட்டும் யாருக்கும் உறுத்தவில்லை. சரிபார்த்தோம் என்று நாங்கள் ஐந்து பேர் அடியில் கையொப்பமும் வைத்தோம். சரிபார்த்தது கையொப்பம் வைக்கும் இடத்தை மட்டும்தான்.

பிள்ளைகளும் சந்தேகப்படவில்லை. தையல் இயந்திரத்தில் முடி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று ஏற்கெனவே ஒரு சட்டம் இருந்தது. இது அதன் தொடர்ச்சி என்று நினைத்தார்கள். ஒரு பிள்ளை 'கல்யாண வீட்டுக்குப் போகும்போது மட்டும்' என்று எழுதியிருந்தாள். கல் தீட்டும் பிரிவில் ஆஸிக், 'எனக்குக் கொண்டை இல்லை, போன கிழமைதான் முடி வெட்டினேன்' என்று பொறுப்பாகப் பதில் எழுதினான். வலி உண்டா என்ற கேள்விக்கு நூற்று நாற்பத்து மூன்று பேரும் இல்லை என்றார்கள்.

ஜனவரியில் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. மாணவர்களின் உடல் நிலைப் பழக்கம் மிகச் சிறந்து விளங்கும் கல்லூரி என்று தங்க நிற எழுத்தில் போட்டிருந்தது. கல்லூரி அதிபர் அவர்கள் மகிழ்ந்து, அதைக் கண்ணாடி போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினார். எங்களுக்கும் பெருமைதான். தேநீரோடு கேக் வெட்டினோம். மிஸ்ஸுக்கு ஒரு துண்டை யாரோ சாமான் அறைக்கு அனுப்பி வைத்தார்கள்.

அவர் அந்தத் துண்டைச் சாப்பிடவில்லை. இருபத்தேழு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அலுத்த காரியம் ஒரே நாளில் நடந்துவிட்டதாகக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தால் யாருக்கும் சந்தோஷம் வரும். மிஸ்ஸுக்குச் சந்தேகம் வந்தது. ஜன்னல் வழியாகத் தினமும் பார்க்கிறாரே, எத்தனை பிள்ளைகள் வகுப்பு முடிய இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறார்கள் என்று.

மூன்றாம் நாள்தான் அந்தச் சத்தம். விழுந்தவள் சுகந்தினி. இரண்டாம் வருஷத் தையல் மாணவி. கதிரை பழையது, ஆனால் அது முறிந்தது அவள் ஒரு பக்கமாகவே பாரத்தைப் போட்டு உட்கார்ந்ததால். மிஸ் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே போனார். இடது தோள் இறங்கியிருந்தது. நடு முதுகில் விரல் பட்டதும் அவள் பல்லைக் கடித்தாள். எவ்வளவு நாளாக வலி என்று கேட்டார். போன வருஷம் சித்திரைக்கு முன்னால் இருந்து என்றாள். அப்படியானால் படிவத்தில் வலி இல்லை என்று ஏன் எழுதினாய் என்று மிஸ் கேட்டபோது, சுகந்தினி தரையில் படுத்தபடியே விழித்தாளாம்.

"அது கொண்டையப் பத்தித்தானே மிஸ் கேட்டிருந்தாங்க?"

அந்தப் பின்னேரமே மிஸ் ஹப்ஸாவிடம் படிவத்தின் பிரதியை வாங்கி வாசித்தார். சிரிக்கவில்லை. நாங்கள் பிறகு அதைச் சொல்லிச் சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். வாசித்து முடித்ததும் கணக்கெடுப்பைத் திரும்பச் செய்ய வேண்டும், மார்ச் முப்பத்தோராம் திகதிக்குள் அனுப்ப வேண்டும் என்று அவர் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து சொன்னபோது எங்களுடைய சிரிப்பு நின்றது.

கூட்டத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மஷூருக்கு அது நியமனம் உறுதியாகிற வருஷம். மேலிடத்துக்குப் பிழையை எழுதினால் அவருடைய கோப்பில் கறை விழும். கல்லூரிக்குக் கிடைத்த நல்ல பெயரும் போகும். அதிபர் சங்கடப்படுவார். இத்தனையையும் ஆளுக்கு ஒன்றாகச் சொன்னோம். மஷூர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ், யாருடைய பெயரும் வராமல் எழுதிக்கொள்ளலாம் என்றார். கணக்கு விரிவுரையாளர் அப்லால், ஜூன் மாதம் ஓய்வு பெறப் போகிறவர் இனிமேல் இதையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார்.

"ஜூன்ல நான்தானேங்க போறேன். புள்ளைங்க முதுகு போகாதுங்களே" என்றார் மிஸ்.

அதோடு கூட்டம் கலைந்தது. அன்றிலிருந்து அவரோடு எங்களுக்குப் பேச்சும் இல்லை. சண்டை என்று ஒன்று நடக்கவில்லை. எதிரே வந்தால் தலையை ஆட்டினோம். அவர் கேட்டால் பதில் சொன்னோம். நாங்களாக ஒன்றும் கேட்கவில்லை. விசில் ஊதினால் எங்கள் வகுப்புகளில் பிள்ளைகளை எழும்ப விடவில்லை, பாடம் போகிறது என்றோம். பதினெட்டுப் பேர் உள்ள ஓர் இடத்தில் ஒருவரைத் தனியாக விடுவதற்குச் சத்தமே தேவையில்லை என்பதை அந்த நான்கு மாதத்தில் நாங்கள் மிகச் சுலபமாகக் கற்றுக்கொண்டோம்.

மிஸ் தனியாகவே தொடங்கினார். புதுப் படிவம் அச்சடித்தால் மறுபடி பிழை வரும் என்று பயந்தாரோ என்னவோ, தடித்த அட்டை போட்ட ஒரு சிஆர் கொப்பியை எடுத்துக்கொண்டு, மைதானத்து ஓரத்தில் ஈரப்பலா மரத்தடியில் இரண்டு கதிரை போட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாயால் கேட்டு எழுதினார். மழை வந்தால் கதிரைகளை நடைபாதைக்கு இழுப்பார். நின்றால் திரும்ப வெளியே. நாங்கள் ஜன்னலால் பார்த்தோம். கேட்டதை எல்லாம் பிள்ளைகள் பிறகு சொன்னார்கள்.

ஆஸிக் போய் உட்கார்ந்ததும் முதுகுக்கும் எதற்கும் ஒரு குறையும் இல்லை என்றானாம். அவனை எழுப்பி, சுவரில் சாய்ந்து நிற்கச் சொன்னார். குதிகால், இடுப்பு, தோள் மூன்றும் பட்டன. தலை படவில்லை. நான்கு விரல் அளவுக்கு முன்னே நின்றது. பின்னுக்குக் கொண்டுபோகச் சொன்னால், "ஏலாது மிஸ்" என்றான். எத்தனை மணிக்குப் படுப்பாய், ஃபோனை எப்படிப் பிடிப்பாய், கல்லை எந்த உயரத்தில் வைத்துத் தீட்டுவாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதியவர், கடைசியில் அவனுடைய மேசை இரண்டு செங்கல் உயரம் கூட வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அவன் அன்றே செங்கல் வைத்தான். கல் தீட்டும் பிரிவு முழுக்க இப்போது செங்கல் மேல்தான் நிற்கிறது.

கொடகவெலவில் இருந்து வருகிற றமீலா, வாப்பாவின் கடையில் இரவு பத்து மணி வரை கல்லாவில் நின்றுகொண்டே பாடம் செய்கிறாள் என்பது தெரிந்தது. ரம்புக்கனையில் இருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கிற ஒரு பையன், ரயிலில் நின்று வருகிற நாளில் மட்டும் முதுகு வலிக்காது என்றான். மிஸ் அதையும் எழுதினார்.

மிஸ் ஓர் ஆச்சரியத்தைக் கண்டுபிடித்தார். அவர் அதை ஆச்சரியம் என்று சொல்லவில்லை, அடி என்றுதான் எடுத்துக்கொண்டார். நூற்று நாற்பத்து மூன்று பேரில் ஏறக்குறைய எல்லாருக்கும் எப்படி உட்கார வேண்டும் என்று தெரிந்திருந்தது. பாதம் தரையில் பட வேண்டும், திரை கண் மட்டத்தில் இருக்க வேண்டும், அரை மணிக்கு ஒரு தடவை எழும்ப வேண்டும் என்று அவருடைய வார்த்தையிலேயே ஒப்பித்தார்கள். செய்கிறவர்கள் முப்பது பேர்கூட இல்லை. தெரியாததால் குனிகிறார்கள் என்று நினைத்துத்தான் அவர் இத்தனை வருஷம் விசில் ஊதினார்.

சுகந்தினியிடம் கடைசியாகக் கேட்டார். இவ்வளவு வலியோடு ஏன் நிமிர்ந்து இருந்து படிக்கக் கூடாது என்று கேட்டபோது கொஞ்சம் கோபமாகவே கேட்டாராம். சுகந்தினி சிரித்துவிட்டாள்.

"எங்க லயத்துல ஆறு பேரு மிஸ். கூரைக்குக் கீழ பலகை அடிச்சு, அதுக்கு மேலதான் நான் படிக்கிறேன். நிமிந்தா தகரத்துல தலை இடிக்கும்."

மிஸ் கொப்பியை மூடி வைத்தார் என்று சுகந்தினி சொன்னாள். பிறகு, கீழே எங்கேயாவது பலகை போட இடம் இருக்கிறதா என்று கேட்டார். அடுத்த ஞாயிறு, தோட்டத்து வரிசை வீடான அவளுடைய லயத்துக்கே போய்ப் பார்த்தார். இடம் இல்லை. அவளுடைய அம்மா சுப்பம்மாவிடம் பேசி, தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் பின்னேரம் ஒரு மேசையைக் கேட்டு வாங்கினார். இன்று அந்த மேசையில் சுகந்தினியோடு இன்னும் ஏழு பிள்ளைகள் படிக்கிறார்கள். அன்றிலிருந்து மிஸ் ஜன்னலில் தட்டுவதை விட்டுவிட்டார் என்பதை நாங்கள் கவனித்தோம். அலுத்துவிட்டார் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

மார்ச் இருபத்தொன்பதாம் திகதி அறிக்கையைத் தானே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தார். வலி உள்ளவர்கள் தொண்ணூற்றாறு பேர் என்று அதில் இருந்தது. மேலிடம் ஏற்றுக்கொண்டது. ஏப்ரல் கடைசியில் சான்றிதழ் சுவரில் இருந்து இறங்கியது. மே மாதம் முதல் புதன்கிழமை இயன்மருத்துவர் வந்தார், மாதாமாதம் வரப்போகிறார். அறுபது கதிரைகள் வந்து இறங்கின. சுகந்தினிக்கு வளைவு எலும்பில் ஏறும் முன் பிடித்துவிட்டோம் என்று மருத்துவர் சொன்னார். பயிற்சி கொடுத்திருக்கிறார், வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. மஷூரின் நியமனமும் குறையில்லாமல் உறுதியானது. நாங்கள் எல்லாரும் நல்லபடி முடிந்தது என்று மூச்சு விட்டோம். மிஸ்ஸோடு பேச ஆரம்பிக்கலாம் என்றும் நினைத்தோம். யார் முதலில் என்பதில்தான் நாட்கள் போயின.

போன திங்கட்கிழமை, ஓய்வூதியப் பத்திரங்களுக்காக மிஸ்ஸின் கோப்பைத் திறந்த ஹப்ஸா அதில் ஒரு கடிதத்தைக் கண்டார். விளக்கம் கோரும் கடிதம். கணக்கெடுப்பில் பிழையான தகவல் அனுப்பியதற்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஏப்ரலில் மிஸ்ஸுக்கு வந்தது. அதற்குக் கீழே மிஸ்ஸின் பதில். தமிழ்ப் படிவத்தைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னுடையது, தவறியவள் நான் என்று இரண்டு வரி. அதற்கும் கீழே, எதிர்காலத்தில் கவனமாக இருக்கும்படி எழுத்துமூல எச்சரிக்கை. இருபத்தேழு வருஷம் ஒரு கோடு விழாத கோப்பு. எதிர்காலம் என்று அவருக்கு அங்கே மீதி இருந்தது ஏழு வாரம்.

படிவம் அச்சான அன்று அவர் கல்லூரியிலேயே இல்லை. கையொப்பம் வைத்த ஐந்து பேர் நாங்கள்.

அந்த உண்மையை எழுதி, ஐந்து பேரும் பெயர் போட்டு, அந்த எச்சரிக்கையை மிஸ்ஸின் கோப்பில் இருந்து நீக்கும்படி மேலிடத்துக்கு நேற்றுக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். என்ன விளைவு வந்தாலும் வரட்டும் என்று மஷூர்தான் தன் பெயரை முதலில் எழுதினார். அதன் பிரதி இந்த மடலோடு சேர்த்துக் கண்ணாடிக்குள் இருக்கிறது. மடலை எங்கே மாட்டினாலும் அதுவும் சேர்ந்து தொங்கட்டும்.

இனி வாழ்த்த வேண்டிய இடம். விஜயகலா மிஸ்ஸே, இப்போது தங்கள் முகத்தைப் பார்த்தே சொல்கிறோம். நோயின்றி, நோவின்றி, நீண்ட ஆயுளோடு தாங்கள் வாழ வேண்டும். தங்களுடைய முதுகுக்கு இனி ஓய்வு கிடைக்க வேண்டும், மனதுக்குத் துணை கிடைக்க வேண்டும். புதன்கிழமைகளில் மருத்துவர் வரும்போது தாங்களும் வர வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் தங்களுக்கு ஓர் இடம் இருக்கும். நாங்கள் எப்படி உட்கார்ந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். தாங்கள் வாசலில் வந்தால் சிரிப்பை நிறுத்த மாட்டோம்.

இவ்வாறு ஒப்பமிடுவோர்: மஷூர், ஹப்ஸா, அப்லால், பிரதீபன், றிஸ்மி மற்றும் மேற்பிரிவுத் தொழிற்கல்லூரியின் ஆசிரியர்கள், அலுவலர்கள் அனைவரும்.

கையொப்பத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இந்த மடலில் உள்ள மற்றதெல்லாம் வெறும் அலங்காரம் ஆகிவிடும்.

இந்த விழாவுக்கு அழைக்க அன்று பின்னேரம் நாங்கள் ஐந்து பேரும் கல்லூரிக்குப் பின்னால் இருக்கிற மிஸ்ஸின் குவாட்டர்ஸுக்குப் போனோம். ஆசிரியர் அறையில் இருந்து நடந்தால் இரண்டு நிமிஷம். இருபத்தேழு வருஷத்தில் எங்களில் ஒருவரும் அந்தப் படியை மிதித்ததில்லை. மிஸ் எங்களைப் பார்த்ததும் பயந்துவிட்டார். பிள்ளைகளுக்கு ஏதும் ஆகிவிட்டதா என்றுதான் கேட்டார். இல்லை என்றதும் என்ன செய்வது என்று தெரியாமல், இருந்த ஒரு கதிரையை அப்லாலுக்குக் கொடுத்து, கட்டிலில் இருவரையும் பாயில் இருவரையும் உட்கார வைத்தார். எங்களில் ஒருவர் சுவரில் சரிந்திருந்தார், ஒருவர் கூன் போட்டிருந்தார், பிரதீபன் ஏறக்குறையப் படுத்தேவிட்டார். மிஸ் எங்கள் முதுகுகளைப் பார்க்கவேயில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். தேநீர் ஊற்ற டம்ளர் போதாமல் கோப்பை, கிண்ணம், விளையாட்டுப் போட்டியில் கிடைத்த வெற்றிக் கிண்ணம் என்று எல்லாவற்றையும் எடுத்தார். அதைப் பார்த்து முதலில் சிரித்தது அவர்தான்.

மஷூர் தேநீரைத் தொடவில்லை. கோப்பில் இருந்த கடிதத்தை எடுத்து மிஸ்ஸின் முன்னால் பாயில் வைத்தார்.

"எங்கட பிழய நீங்க தலயில போட்டுக்கிட்டீங்க மிஸ். ஏன் எங்கள்ட ஒரு சொல்லும் செல்லல்ல? எங்களோட கோவமா?"

மிஸ் கடிதத்தை எடுத்து, வாசிக்காமலே நான்காக மடித்தார். கோபமெல்லாம் இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார். மடித்த கடிதத்தை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"சண்ட போடவாச்சும் ஒருத்தர் வருவீங்கன்னுதான், தம்பி, நாலு மாசமா இந்தக் கதவ சாத்தாமலே வச்சிருந்தேன்."